பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ: எதைப் பார்த்து வாங்குவது, எவ்வளவு கொடுப்பது

புனே அருகே சாகன் ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்த ஃபோக்ஸ்வேகன் போலோ 2022-இல் நின்றுபோனது. புதிதாக வாங்க வழியில்லாத கார் என்பதால் பழைய வண்டிகளின் விலை இறங்க மறுக்கிறது. டிக்கிக் கதவில் ஜிடி என்ற எழுத்து இருந்துவிட்டால் விற்பவர் இன்னும் ஐம்பதாயிரம் கூட்டிச் சொல்வார். ஒரே வருடத்து மாடல், ஒரே கிலோமீட்டர், ஒரே நிறம் என்று இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று கேட்ட விலைக்குத் தகும். மற்றது வாங்கிய ஆறாவது மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் பில் போட வைக்கும். அந்த வேறுபாடு கியர்பாக்ஸிலும் சர்வீஸ் ரெக்கார்டிலும்தான் இருக்கிறது. அதனால் வருடத்தையும் கிலோமீட்டரையும் வைத்து விலை பேசத் தொடங்காதீர்கள். முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்.

எந்த ஜிடி என்று தெரிந்துகொள்ளுங்கள்

2013-இல் வந்த ஜிடி டிஎஸ்ஐயில் 1197 சிசி, நான்கு சிலிண்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். 105 பிஎஸ் பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க். கியர்பாக்ஸ் ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) மட்டுமே, மேனுவல் கிடையாது. 2020-இல் பிஎஸ்6 மாசு விதிகள் வந்தபோது இந்த இன்ஜின் போய், 999 சிசி மூன்று சிலிண்டர் டிஎஸ்ஐ வந்தது. அதன் பவர் 110 பிஎஸ், டார்க் அதே 175. டிஎஸ்ஜிக்குப் பதில் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். இதே இன்ஜின் ஆறு கியர் மேனுவலுடன் ஹைலைன் பிளஸ் என்ற பெயரில் விற்றது. ஓட்டும் சுகம்தான் வேண்டும் என்றால் ஜிடி என்ற எழுத்து இல்லாத அந்த மேனுவல் வண்டியையே தேடுங்கள். தினசரி நகர நெரிசலுக்கு 2020-க்குப் பிந்தைய ஆட்டோமேட்டிக் நிம்மதியானது. 1.2 டிஎஸ்ஜியின் வேகமான கியர் மாற்றம் இரண்டிலும் கிடைக்காது. ஆனால் அதற்குரிய அபாயத்தையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஜிடி ஸ்டிக்கரும் பேட்ஜும் கடையில் கிடைக்கும். டர்போ இல்லாத சாதாரண 1.2 எம்பிஐ வண்டியில் அவற்றை ஒட்டி விற்பவர்கள் உண்டு. ஆர்சியைப் பாருங்கள்: 1.2 டர்போ வண்டி என்றால் 1197 சிசி, சிலிண்டர் 4. சாதாரண எம்பிஐ என்றால் 1198 சிசி, சிலிண்டர் 3. ஒரே ஒரு சிசிதான் வித்தியாசம், அவசரத்தில் கண் தவறிவிடும். சிலிண்டர் எண்ணிக்கை தவறாது. 999 சிசி வண்டிகளில் டர்போ இல்லாத எம்பிஐயும் உண்டு என்பதால் ஆர்சியில் இருக்கும் சிசி மட்டும் போதாது, பானெட்டைத் திறந்து டர்போவும் இன்டர்கூலர் குழாய்களும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மூன்று கதவு, 1.8 லிட்டர், 192 பிஎஸ் ஜிடிஐ வேறு கதை. அது 99 வண்டிகள் மட்டுமே இறக்குமதியானது. அதன் விலையைச் சேகரிப்பாளர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். கீழே சொல்லும் கணக்கு அதற்குப் பொருந்தாது.

டிஎஸ்ஜி: நேரத்தை இங்கே செலவிடுங்கள்

இந்த கியர்பாக்ஸின் பெயர் டிக்யூ200. உள்ளே இரண்டு உலர் கிளட்ச்கள். 1, 3, 5, 7 கியர்கள் முதல் கிளட்ச்சில். 2, 4, 6, ரிவர்ஸ் இரண்டாவதில். கிளட்ச்சை அழுத்துவதும் கியரைத் தள்ளுவதும் மெக்கட்ரானிக் என்ற பெட்டியின் வேலை. கம்ப்யூட்டரும் ஹைட்ராலிக் பம்ப்பும் அதற்குள் ஒன்றாக இருக்கின்றன.

எது கெடும், ஏன் கெடும்? உலர் கிளட்ச் எண்ணெயில் குளிர்வதில்லை. நெரிசலில் அரை கிளட்ச்சில் ஊர்ந்துகொண்டே இருந்தால் சூடேறி, தகடு மெருகேறி, கிளம்பும்போது உடம்பு முழுவதும் அதிரும். இது ஒரு செலவு. அடுத்தது மெக்கட்ரானிக். அதில் ஆயில் அழுத்தத்தைச் சேமித்துவைக்கும் பிரஷர் அக்குமுலேட்டர் பொருந்தியிருக்கும் இடத்தில் அலுமினிய உறை விரிசல் விட்டு எண்ணெய் கசியும். அழுத்தம் நிற்காததால் பம்ப் திரும்பத் திரும்ப ஓடும். ஸ்கேனரில் பி17பிஎஃப் என்ற கோடு (பிழைக் குறியீடு) விழும். ஒருநாள் சிக்னலில் வண்டி கியரே பிடிக்காமல் நிற்கும். இது பெரிய செலவு. வெப்பமும் ஈரப்பதமும் கூடிய ஊர்களில் செயற்கை கியர் ஆயிலால் மெக்கட்ரானிக்கில் மின்கோளாறு வரலாம் என்று 2013-இல் உலகம் முழுவதும் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, மினரல் ஆயிலுக்கு மாற்றியது ஃபோக்ஸ்வேகன். நீங்கள் பார்க்கும் வண்டி 2013, 2014 மாடல் என்றால், அதன் சேஸி எண்ணைக் கொடுத்து இந்த வேலை பதிவாகியிருக்கிறதா என்று ஷோரூமில் கேளுங்கள்.

சோதிக்கும் முறை இது. காலையில் போங்கள், வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுவதே நல்லது, ஏனென்றால் குளிர்ந்த நிலையில் தெரிய வேண்டியவை அன்றைக்குத் தெரியப்போவதில்லை. ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடியே லீவரை டி, என், ஆர் என்று மாற்றுங்கள். ஒவ்வொன்றும் ஒரு நொடிக்குள் மெல்லப் பிடிக்க வேண்டும். 'டங்' என்று அடிக்கக் கூடாது. சமதரையில் பிரேக்கை விட்டால் வண்டி தானாக, வழுக்கிக்கொண்டு போவதுபோல் நகர வேண்டும். ஆக்சிலரேட்டரைப் பட்டும் படாமல் மிதித்து மூன்றாம் கியர் வரை போய், வேகத்தடைக்கு மெதுவாகி, மறுபடி கிளம்புங்கள். 2-இலிருந்து 1-க்கு இறங்கும் அந்தக் கணம்தான் தேய்ந்த கிளட்ச் தன்னைக் காட்டிக்கொடுக்கும் இடம்.

அதன்பின் சூடேற்றுங்கள். குறைந்தது அரை மணி நேரம் தி.நகர், காந்திபுரம் மாதிரி நெரிசலில் ஓட்டுங்கள். பிறகு ஏதாவது மாலின் கீழ்த்தளப் பார்க்கிங் சரிவுக்குப் போங்கள். சரிவின் நடுவில் நிறுத்திக் கிளம்புங்கள். ஹில் ஹோல்டு இருப்பதால் ஓரிரு நொடி வண்டி பின்னால் உருளாமல் நிற்கும். அதன்பின் அதிர்வில்லாமல் ஏற வேண்டும். அடுத்து வண்டியைத் திருப்பி, அதே சரிவில் ரிவர்ஸில் ஏறுங்கள். முன்னால் ஏறும்போது மட்டும் அதிர்ந்தால் சந்தேகம் முதல் கிளட்ச் மேல். ரிவர்ஸிலும் அதிர்ந்தால் இரண்டாவதும் போய்க்கொண்டிருக்கிறது. மீட்டரில் கியர் எழுத்து ஒரு முறை மின்னினாலும் அன்றைய பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

ஸ்கேன் செய்யாமல் இந்த வண்டியை வாங்கவே கூடாது. ஐந்நூறு ரூபாய் ப்ளூடூத் அடாப்டர் இன்ஜினை மட்டும்தான் படிக்கும். ஃபோக்ஸ்வேகன் வண்டிகளைப் பார்க்கும் கடையில் விசிடிஎஸ் மாதிரி கருவியால் கியர்பாக்ஸ், ஏபிஎஸ், ஏர்பேக் என்று எல்லா மாட்யூல்களையும் படிக்கச் சொல்லுங்கள். கோடு ஒன்றுமே இல்லை என்று வந்தால், அதோடு இன்ஜினின் ரெடினெஸ் நிலையையும், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் தன் சுயசோதனைகளை முடித்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அது முடியாமல் கிடந்தால் நீங்கள் வருவதற்குச் சற்று முன் யாரோ கோடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

மேனுவலுக்கு இவ்வளவு வேலை இல்லை. ஆறாம் கியரில் மணிக்கு 70 கிலோமீட்டரில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி, வேகம் கூடாவிட்டால் கிளட்ச் ப்ளேட் வழுக்குகிறது. டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் கியர் மாறும் நேரத்தில் இன்ஜின் வெறுமனே உறுமிவிட்டுப் பிடிக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

இன்ஜின்

1.2 டிஎஸ்ஐயில் டைமிங் செயின், 1.0-இல் டைமிங் பெல்ட். செயின் தளர்ந்திருந்தால் இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு மூன்று நொடியில் 'கறகற' என்று சத்தம் வந்து ஆயில் ஏறியதும் அடங்கும். பானெட்டைத் திறந்துவைத்து, ஸ்டார்ட் செய்யும் வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் இன்ஜின் பக்கத்தில் காதை வைத்து நில்லுங்கள். 1.2-இல் டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் இறுகிப்போவது தெரிந்த பிரச்சினை: மீட்டரில் இன்ஜின் கோளாறைக் காட்டும் ஈபிசி விளக்கு எரியும், டர்போ உதவி நின்று வண்டி பிக்கப் இல்லாமல் திணறும். இதைப் பிடிக்க, காலியான பைபாஸில் மேனுவல் மோடில் மூன்றாம் கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து 5,000 வரை ஒரே மிதியில் ஏற்றுங்கள். 1,800 வாக்கில் முதுகை இருக்கையோடு அழுத்தும் இழுப்பு வந்து, நடுவில் தயங்காமல் நீடிக்க வேண்டும்.

கூலன்ட் டப்பாவில் இளஞ்சிவப்பு அல்லது ஊதா நிற திரவம் இருக்க வேண்டும். வெறும் தண்ணீரோ துருப்பிடித்த பழுப்போ தெரிந்தால், எங்கோ கசிவு இருந்தும் அதைச் சரிசெய்யாமல் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் பக்கம் காய்ந்த உப்புத் தடத்தைத் தேடுங்கள். இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்தால் சைலன்சரில் நீலப் புகை வரக் கூடாது.

கம்பெனி சொல்லும் சர்வீஸ் இடைவெளி 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். நகரத்தில் ஓடும் டர்போ இன்ஜினுக்கு இது அதிகம். 7,500 முதல் 10,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றிய பில்களை ஒருவர் கோப்பில் அடுக்கி வைத்திருந்தால், சந்தை விலையைவிட இருபதாயிரம் கூடக் கொடுக்கலாம். அந்தப் பழக்கம் உள்ளவர் மற்றதையும் கவனித்திருப்பார். பில்லில் ஆயிலின் தரக்குறியீட்டைப் பாருங்கள், 1.2-க்கு 502 00 என்ற எண் இருக்க வேண்டும்.

ரீமேப் செய்த வண்டி

இந்தக் கார்களில் பாதிக்கு யாராவது ஸ்டேஜ் 1 ரீமேப் (பவரைக் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) போட்டுப் பார்த்திருப்பார்கள் என்ற எண்ணத்துடனேயே போங்கள். விற்கும்முன் கம்பெனியின் ஸ்டாக் ஃபைலைத் திரும்ப ஏற்றிவிடுவது வழக்கம். ஆனால் தடயம் மிச்சமிருக்கும்: ஏர் ஃபில்டர் பெட்டியின் திருகுகளில் கீறல், வேறு நிறத்து ஹோஸ் கிளாம்ப், புத்தம் புதிய ஸ்பார்க் பிளக், டர்போவிலிருந்து புகையைக் கொண்டுபோகும் டவுன்பைப் போல்ட்டுகளில் மட்டும் துரு இல்லாமல் இருப்பது. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றியிருந்தால் புகைப் பரிசோதனையில் சிக்கல் வரும். நேர்மையாக, யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்று பில்லோடு சொல்பவரிடம் பயமில்லாமல் பேசலாம். எதுவும் செய்யவில்லை என்று சொல்லி, தடயம் இருந்தால் விட்டுவிடுங்கள். மாட்டிய பாகங்களுக்கு விலை கூட்டாதீர்கள். கழற்றிய ஒரிஜினல் பாகங்கள் கைக்கு வருகின்றனவா என்று கேளுங்கள். வராவிட்டால் அவற்றின் விலையைக் கழியுங்கள்.

பாடி, வெள்ளம், ட்ராக்

பெயின்ட் மீட்டர் ஒன்றைக் கடன் வாங்கியாவது எடுத்துப் போங்கள். கம்பெனி பெயின்ட் சுமார் 80 முதல் 160 மைக்ரான் காட்டும். 200-ஐத் தாண்டினால் மறுபெயின்ட். 500-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சாதாரண மீட்டரால் அதை அளக்க முடியாது. கதவில் ஒரு மறுபெயின்ட் பெரிய விஷயமில்லை, நம் ஊர்ச் சாலையில் உரசாத கதவு ஏது? கூரை, ஏ பில்லர் (முன் கண்ணாடியின் இரு பக்கத் தூண்கள்), முன் சேஸி கால்கள் இவற்றில் கை வைத்திருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, தரைத் தகட்டின் ஸ்பாட் வெல்ட் புள்ளிகள் இரு பக்கமும் ஒரே மாதிரி வட்டமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2018 கேரள வெள்ளம், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் வந்த வெள்ளம் எல்லாம் நிறைய கார்களை மூழ்கடித்தன. அவற்றில் பல சுத்தம் செய்யப்பட்டு வேறு மாவட்டத்தில் விற்பனைக்கு வரும். சீட் பெல்ட்டை முழுவதும், கடைசி வரை இழுங்கள். எப்போதும் உள்ளேயே சுருண்டிருக்கும் அந்தக் கடைசி ஒரு அடியை யாரும் கழுவுவதில்லை. சேற்றுக் கோடு அங்கேதான் நிற்கும். முன் சீட்டின் தண்டவாள போல்ட்டுகளில் துரு, தரைவிரிப்பின் கீழே ஸ்பாஞ்சை அழுத்தினால் ஈரம் அல்லது புளித்த வாடை. இவற்றில் இரண்டு சேர்ந்து இருந்தால் திரும்பிவிடுங்கள்.

கோயம்புத்தூர், சென்னை வண்டிகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கும் பக்கத்தில் இருப்பதால் வாரக்கடைசியில் ட்ராக்குக்குப் போய் வந்த போலோக்கள் உண்டு. ரோல் கேஜ் (ரேஸ் வண்டிக்குள் பொருத்தும் பாதுகாப்புக் கம்பிக் கூண்டு) மாட்டிக் கழற்றிய துளைகள் தரைவிரிப்பின் கீழே இருக்கும். பிரேக் டிஸ்கில் நீலச் சாயல், டயரின் தோள்பட்டை மட்டும் உருகித் தேய்ந்திருப்பது ஆகியவையும் அடையாளம்.

இக்னிஷனைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விபத்துக்குப் பின் விளக்கையே ஏமாற்றியிருக்கலாம். முன்பக்கம் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுண்ட் தேய்வது இந்த வண்டியில் சகஜம். சின்ன வேகத்தடையில் 'டொக் டொக்' சத்தம் அதுதான். பயப்பட வேண்டாம், விலையில் கழித்தால் போதும். டயர் எப்போது தயாரானது என்பதைச் சொல்ல ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 3419 என்றால் 2019-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரம்.

மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்பதை ஸ்டியரிங் தோல், பிரேக் பெடல் ரப்பர், டிரைவர் சீட்டின் வலது ஓரம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். உறுதியாகத் தெரிய ஷோரூம் சர்வீஸ் பதிவு வேண்டும். ஒவ்வொரு வருகையிலும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும்.

காகிதங்கள்

அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு எத்தனையாவது ஓனர், ஹைப்போதிகேஷன் (வண்டி மேல் கடன்) இருக்கிறதா, சலான் நிலுவை எவ்வளவு என்று பாருங்கள். கடன் முடிந்திருந்தால் வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபமில்லாச் சான்று) படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28-இல் என்ஓசி. பெங்களூர், டெல்லி வண்டி ஒரு லட்சம் மலிவாகத் தெரியும். இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, மறுபதிவு, புரோக்கர் செலவு எல்லாம் கூட்டிப் பார்த்தபின்தான் அது மலிவா என்று சொல்ல முடியும். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்கான இன்சூரன்ஸ் தள்ளுபடி) உங்களுக்கு வராது. ஆர்சி மாறிய 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

விலைக் கணக்கு

அதே கியர்பாக்ஸ், ஒரு வருடம் முன்பின், பக்கத்து நான்கைந்து மாவட்டங்கள் என்று வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து விளம்பரங்களைக் குறித்துவையுங்கள். மூன்று வாரம் கவனியுங்கள். ஒரு வாரத்தில் மறைந்தவை விற்கக்கூடிய விலையில் இருந்தவை. அப்படியே தூங்குபவை கனவு விலை. மறைந்தவற்றின் நடு விலைதான் உங்கள் அடிப்படை. இன்சூரன்ஸ் தாளில் உள்ள ஐடிவி என்ற காப்பீட்டு மதிப்பைக் காட்டிப் பேரம் பேசாதீர்கள். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு அது இன்சூரன்ஸ் கம்பெனியும் ஓனரும் பேசி வைத்த தொகை; சந்தை விலை அல்ல.

கணக்கு போடும் விதத்தைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு. 2016 மாடல் 1.2 டிஎஸ்ஜி, 62,000 கிலோமீட்டர், கேட்பது 5,25,000 ரூபாய். நீங்கள் கண்டுபிடித்த நடு விலை 4,90,000 என்று வைத்துக்கொள்வோம். நான்கு டயரும் மாற்ற வேண்டும், 28,000. ஆனால் நடு விலையிலேயே பாதி தேய்ந்த டயர் அடங்கியிருக்கிறது. எனவே 14,000 மட்டும் கழியுங்கள். சஸ்பென்ஷன் வேலை 14,000, தள்ளிப்போட்ட சர்வீஸ் 12,000. இவை முழுதாகக் கழியும். அடுத்து கியர்பாக்ஸ். மெக்கட்ரானிக் மாற்ற ஷோரூமிலும் வெளிக்கடையிலும் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். 1,60,000 என்று வந்தால், அறிகுறி இல்லாத, ஆனால் பில்லும் இல்லாத வண்டிக்கு அதில் கால் பங்கு 40,000 அபாயத் தொகை. டிஎஸ்ஜி பயம் சந்தை விலையில் ஏற்கெனவே ஓரளவு கலந்திருப்பதால் அதில் பாதி, 20,000. மொத்தம் 60,000 போக 4,30,000. பேச்சை 4,10,000-இல் தொடங்குங்கள், 4,30,000-க்கு மேல் போகாதீர்கள்.

கடந்த இரண்டு வருடத்துக்குள் மெக்கட்ரானிக்கோ கிளட்ச்சோ மாற்றிய ஒரிஜினல் பில் இருந்தால் அந்த 20,000-ஐக் கழிக்க வேண்டாம். மேலும் இருபது முப்பதாயிரம் சேர்த்தும் கொடுக்கலாம். அறிகுறி தெரிகிற வண்டி என்றால் கால் பங்கு கணக்கெல்லாம் கிடையாது, கொட்டேஷனை முழுதாகக் கழியுங்கள். விற்பவர் பெரும்பாலும் ஒப்புக்கொள்ள மாட்டார், அப்போது நடையைக் கட்டுங்கள். டார்க் கன்வெர்ட்டருக்கும் மேனுவலுக்கும் இந்தக் கியர்பாக்ஸ் கழிவே தேவையில்லை. அவை அதிக விலைக்குப் போவதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

பேரத்தில் பட்டியலைக் காட்டுங்கள். ஒவ்வொரு வரிக்கும் கொட்டேஷன் கையில் இருந்தால் குரலை உயர்த்தத் தேவையில்லை. விலை படிந்ததும் டோக்கனாகப் பத்தாயிரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கொடுக்கும் தாளில் சேஸி எண், இன்ஜின் எண், அன்றைய கிலோமீட்டர், பேசிய விலை, என்ஓசி தரும் தேதி எல்லாம் எழுதி, முழு ஸ்கேனில் கியர்பாக்ஸ் கோடு வந்தால் டோக்கன் திரும்பத் தரப்படும் என்ற வரியையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். மீதியை வங்கி வழியாக, படிவம் 29-இலும் 30-இலும் ஓனரே உங்கள் கண்முன் கையெழுத்திட்ட பிறகு, இரண்டு சாவியும் கையில் வந்தபின் அனுப்புங்கள்.